ஒரே சென்சார், இரண்டு பாடி: புரொஃபஷனல் கேமரா வாங்கும் முன்

2023 மே மாதம் நிக்கான் இசட்8 கேமராவின் அறிவிப்பு வந்தபோது, அந்தக் கம்பெனியின் உச்ச மாடலான இசட்9 வைத்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு வயிறு எரிந்தது. நம் ஊர் விலையில் ஏறக்குறைய நாலே முக்கால் லட்சம், அதையும் பலர் இ.எம்.ஐ.யில் போட்டு வாங்கி, தவணைகூட முடியாத நிலையில், அதே 45.7 மெகாபிக்சல் சென்சாரையும் அதே எக்ஸ்பீட் 7 பிராசசரையும் நொடிக்கு அதே 20 ரா (கேமரா திருத்தாமல் அப்படியே பதியும்) படங்களையும் ஒன்றே கால் லட்சத்துக்கு மேல் குறைத்து சின்ன பாடியில் (லென்ஸ் இல்லாத கேமரா உடல்) கொடுத்தால் எரியத்தானே செய்யும். "இதைத் தர முடியும் என்றால் அதை ஏன் எங்கள் தலையில் கட்டினார்கள்?" என்று கல்யாண வேலைக்கு வரும் தம்பிகள் இன்றைக்கும் கேட்கிறார்கள்.

நிக்கான் செய்தது சரி என்பதுதான் என் கருத்து. ஒரு கம்பெனி தன் உச்ச மாடலுக்குப் பக்கத்திலேயே அதே வேலையைச் செய்யும் இன்னொரு மாடலையும் விற்றால், சம்பாதிக்கக் கேமரா தூக்குகிற நமக்கு அது லாபம்தான். இரண்டும் மோதிக்கொள்ளக் கூடாது என்று கம்பெனி பயந்த காலங்களில்தான் நமக்கு நஷ்டம்.

பழைய கதை ஒன்று. 2007 ஆகஸ்டில் நிக்கான் டி3 வந்தது, அமெரிக்க விலை 5000 டாலர். 12.1 மெகாபிக்சல்தான், ஆனால் ஐஎஸ்ஓ 6400-இல், அதாவது மங்கிய வெளிச்சத்துக்கு வைக்கும் அமைப்பில், அந்த நாளில் அப்படி ஒரு சுத்தமான படத்தை யாரும் பார்த்ததில்லை. பதினோரு மாதத்தில், 2008 ஜூலையில், அதே சென்சாருடன் டி700 வந்தது, 3000 டாலருக்கு. கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் படத்தில் 95 சதவீதம்தான் காட்டும், கார்டு ஸ்லாட் ஒன்றுதான், நொடிக்கு 5 படம். ஆனால் எம்பி-டி10 கிரிப்பை (கேமராவின் அடியில் மாட்டும் பேட்டரிப் பிடி) மாட்டி, அதில் டி3-இன் பேட்டரியையே போட்டால் 8 படம் ஓடும்! டி3 கொடுத்தது 9. அப்புறம் டி3-ஐ யார் வாங்குவார்கள் என்று தொழிலில் எல்லோரும் பேசினார்கள். விளையாட்டுப் போட்டி எடுப்பவர்களும் பத்திரிகைக்காரர்களும் வாங்கினார்கள், மற்றவர்கள் டி700-க்குப் போனார்கள்.

நிக்கான் உள்ளுக்குள் என்ன கணக்குப் போட்டதோ, அதன் பிறகு வந்த மாடல்களைப் பார்த்தால் பயந்தது போலத்தான் தெரிகிறது. 2012-இல் டி4-க்கு 16 மெகாபிக்சல், டி800-க்கு 36 மெகாபிக்சல், நொடிக்கு 4 படம் என்று இரண்டையும் கிழக்கும் மேற்குமாகப் பிரித்தது. டி4-இன் சென்சாரைச் சின்ன பாடியில் கேட்டவர்களுக்கு 2013 நவம்பரில் டிஎஃப் கிடைத்தது, அதுவும் வீடியோ இல்லாமல், ஷட்டர் வேகம் 1/4000-க்கு மேல் போகாமல், ஒரே ஒரு எஸ்டி ஸ்லாட்டுடன், டி600-இன் 39 புள்ளி ஆட்டோ ஃபோகஸுடன் (படத்தில் ஃபோகஸ் பிடிக்கக்கூடிய இடங்கள்தான் புள்ளி). சென்சாரைக் கொடுத்துவிட்டு மற்றதில் எல்லாம் கை வைத்திருந்தார்கள். முகூர்த்தத்துக்கு ஒற்றை ஸ்லாட் கேமராவை நம்பிப் போக எனக்குத் தைரியம் கிடையாது. உச்ச மாடலின் சென்சாரும் வேகமும் எதையும் குறைக்காமல் சின்ன பாடியில் திரும்பக் கிடைக்க 2023 ஆகிவிட்டது, டி850 மட்டும் நடுவில் கொஞ்சம் கிட்டே வந்தது.

கேனான் பக்கமும் இதே பாடம்தான். 2008-இல் வந்த 5டி மார்க் 2, எட்டாயிரம் டாலர் 1டிஎஸ் மார்க் 3-இன் அதே 21 மெகாபிக்சலை 2700 டாலருக்குக் கொடுத்தது, ஆனால் ஆட்டோ ஃபோகஸ் மட்டும் பழைய 5டி-யின் ஒன்பது புள்ளிதான். நம் கல்யாணத் தொழிலில் அந்தக் கேமரா பட்ட பாடு வேறு எதுவும் பட்டிருக்காது, ஓரப் புள்ளியை நம்பி ஃபோகஸ் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பார்த்து நொந்தவர்கள் எத்தனையோ பேர். 2012-இல் மார்க் 3 வந்தபோது கேனான் மனதைத் தேற்றிக்கொண்டு 1டி எக்ஸ்-இன் 61 புள்ளி ஃபோகஸையே அதில் போட்டது, ஸ்லாட்டையும் இரண்டாக்கியது. அதனால் 1டி எக்ஸ் விற்காமல் போய்விடவில்லை, நொடிக்கு 12 படமும் 4 லட்சம் சுற்று தாங்கும் ஷட்டரும் தேவைப்பட்டவர்கள் அதைத்தான் வாங்கினார்கள்.

சரி, அப்படியென்றால் கண்ணை மூடிக்கொண்டு இசட்8 வாங்கலாமா? அங்கேதான் கவனம் வேண்டும். விளம்பரத் தாளில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு கேமராக்கள் மண்டபத்தில் ஒன்றுபோல நடக்காது. கெட்டிமேளம் கொட்டுகிறது, அட்சதை பறக்கிறது, மூன்றாவது முடிச்சைப் போட நாத்தனார் குனிகிறார், நீங்கள் பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் ரா-வில் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இசட்9-இல் இரண்டுமே எஸ்டியை விட வேகமான சிஎஃப்எக்ஸ்பிரஸ் கார்டு ஸ்லாட். இசட்8-இல் ஒன்று சிஎஃப்எக்ஸ்பிரஸ், இன்னொன்று எஸ்டி. பாதுகாப்புக்காக இரண்டு கார்டிலும் ஒரே படம் பதிகிற மாதிரி வைத்திருந்தால் எஸ்டி கார்டின் வேகம்தான் மொத்தக் கேமராவின் வேகம். பஃபர் (கார்டில் பதியும்வரை படங்கள் காத்திருக்கும் இடம்) சீக்கிரம் நிரம்பி, ஓடிக்கொண்டிருந்த கேமரா திணறத் தொடங்கும், முடிச்சு அதற்காகக் காத்திருக்காது. கடையில் பத்து படம் எடுத்துப் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

பேட்டரியும் அப்படித்தான். கம்பெனி சொல்லும் கணக்கில் இசட்9 ஒரு சார்ஜில் எடுக்கும் படங்களில் பாதிகூட இசட்8-இல் வராது. டி700 காலத்தில் இருந்த அந்த வழியையும் இந்த முறை அடைத்துவிட்டார்கள். இசட்8-இன் எம்பி-என்12 கிரிப்பில் சின்ன பேட்டரிகள் இரண்டைத்தான் போட முடியும், இசட்9 பேட்டரி போகாது. மோதல் இருக்கட்டும், ஆனால் பேட்டரியும் கார்டும் பொதுவாக இருக்கட்டும், கம்பெனிகளிடம் கேட்க வேண்டியது இதைத்தான். மற்றபடி இசட்9-இன் 1340 கிராமுக்கும் இசட்8-இன் 910 கிராமுக்கும் உள்ள வித்தியாசத்தை, காலை நாலரைக்கு மண்டபத்துக்குள் நுழைந்து ராத்திரி ரிசப்ஷன் முடித்து வெளியே வருகிற தோள்பட்டையிடம்தான் கேட்க வேண்டும். (இரண்டிலும் மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது என்பதால், செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது ஷட்டர் கவுண்ட் (ஷட்டர் இதுவரை எத்தனை முறை ஓடியது என்ற கணக்கு) கேட்டுப் பேரம் பேசும் நம் பழக்கம் இங்கே அவ்வளவாகச் செல்லாது.)

இன்னொரு வகை மோதல் இருக்கிறது, அதில்தான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். புது மாடல் வந்த பிறகும் பழைய மாடலை விலை குறைத்து அதே அலமாரியில் வைப்பது. சோனி இதில் கெட்டிக்காரர்கள். 2018-இல் ஏ7 மார்க் 3 வந்த பிறகும் 2014-இன் மார்க் 2 கடைகளில் தொடர்ந்து விற்றது. ஃபுல் ஃப்ரேம் என்னும் பெரிய சென்சார், கை நடுக்கத்தைச் சமாளிக்கப் பாடிக்குள்ளேயே ஸ்டெபிலைசேஷன், விலையோ ரொம்பக் குறைவு. பொழுதுபோக்குக்கு எடுப்பவருக்கு அருமையான பேரம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தொழிலுக்கு வாங்கியவருக்கு? ஒரே ஸ்லாட். பழைய சின்ன பேட்டரி, கணக்கில் சுமார் 350 படம், மார்க் 3-இன் பெரிய பேட்டரி 700-ஐத் தாண்டும். அந்தச் சின்ன பேட்டரிகளை நாலைந்து வாங்கிச் சேர்த்தவர் அடுத்த பாடிக்கு மாறும்போது ஒன்றுகூடப் பொருந்தாது. பாடி விலையில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும்.

பழைய மாடலை விற்பதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். தயாரிப்பு எப்போது நிற்கிறது, அதற்குப் பிறகு எத்தனை வருடம் ஸ்பேர் கிடைக்கும் என்பதைக் கம்பெனி வெளிப்படையாகச் சொல்லிவிட்டு விற்கட்டும். அது வரும்வரை, விலை குறைந்திருக்கும் பாடியைப் பார்த்தால் முதலில் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். இறக்குமதியாளர் பெயர், எம்.ஆர்.பி., மாதம், வருடம் எல்லாம் அதில் ஒட்டியிருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். அந்த ஸ்டிக்கரே இல்லை என்றால் பெரும்பாலும் கம்பெனி வழியாக வராத கிரே மார்க்கெட் சரக்கு, இந்திய வாரண்டியை மறந்துவிடலாம். ஸ்டிக்கர் இருந்து வருடம் ரொம்பப் பழசாக இருந்தால், அந்த மாடலுக்கு இப்போது மதர்போர்டு கிடைக்கிறதா என்று சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

அப்புறம், ஒரு பாடியை வைத்து யாரும் கல்யாணம் எடுப்பதில்லை, விலையை ஜோடியாகத்தான் கூட்டிப் பார்க்க வேண்டும். இசட்9 வாங்கி, துணைக்கு இசட்6 மார்க் 3 வைத்தால் இரண்டு விதமான பேட்டரி, இரண்டு விதமான சார்ஜர், அசிஸ்டெண்ட் பையன் பதற்றத்தில் எதையாவது மாற்றிப் போடத்தான் போகிறான். இசட்8-உடன் அதே இசட்6 மார்க் 3 என்றால் பேட்டரி ஒன்றே, கார்டு ஸ்லாட்டும் அதே அமைப்பு. நாள் முழுக்க மழையிலும் வெயிலிலும் மைதானத்தில் நிற்பவர்கள் இசட்9-ஐயே வாங்கட்டும். மண்டபத்துக்குள் வேலை செய்கிறவர் இசட்8 வாங்கி, மிச்சப்படும் பணத்தில் முதல் வேலையாக நல்ல வேகமான எஸ்டி கார்டுகள் இரண்டு வாங்கிவிடலாம்.