தரிசனம் – காட்சி

‘தரிசனம்’ வடமொழியின் ‘தர்சனம்’ என்பதிலிருந்து தமிழுக்கு வந்தது. பார்த்தல் என்னும் பொருளுடைய வினையடியில் பிறந்த அச்சொல், பார்க்கும் செயலையும், பார்க்கப்படும் தோற்றத்தையும், உலகை நோக்கும் முறையாகிய மெய்யியல் கொள்கையையும் குறிக்கும். சாங்கியம், யோகம் முதலிய ஆறினையும் ஆறு தரிசனங்கள் என்பது இம்மூன்றாம் பொருளில். தமிழ்ப் பேச்சு வழக்கிலோ அச்சொல் கோயிலோடு ஒட்டிக்கொண்டது. கருவறைத் திருமேனியைக் காண்பதே தரிசனம் என்றாகி, பொது தரிசனம், சிறப்பு தரிசனம் என வரிசைகளின் பெயராகவும் சுருங்கிவிட்டது. வைணவர் இதையே ‘சேவை’ என்பர்.

இதற்கு நேரான தமிழ்ச்சொல் ‘காட்சி’. ஆள் என்பது ஆட்சியாகவும், மீள் என்பது மீட்சியாகவும், மாண் என்பது மாட்சியாகவும் ஆவதுபோல, காண் என்னும் வினை ‘சி’ என்னும் ஈறு பெற்றுக் காட்சியாயிற்று. வடசொல்லை நீக்குவதற்காக அண்மையில் புனைந்த சொல் அன்று இது. மயக்கம் நீங்கிய தெளிவைத் திருக்குறள் ‘மாசறு காட்சி’ என்கிறது. சமணர் தம் மும்மணிகள் எனப் போற்றும் மூன்று நெறிகளுள் முதலாவதை நற்காட்சி என்றே தமிழில் வழங்கினர். இறைவன் அடியார்க்குக் ‘காட்சி கொடுத்தான்’ என்று இன்றும் இயல்பாகவே சொல்கிறோம்.

எனினும், இச்சொல்லின் ஆழம் எனக்குப் புலப்பட்ட இடம் நடுகல் மரபே. போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு படிகளாக வகுக்கிறது. இவற்றுள் முதலாவதாகிய காட்சி என்பது, வீரனுக்கு ஏற்ற கல்லைத் தேடிச் சென்று கண்டறிதல். அதுவரை வெயிலிலும் மழையிலும் பிற கற்களோடு கல்லாகக் கிடந்த ஒன்று, நீராட்டும் பூசையும் பெறுவதற்கு முன்னரே, காணும் கண்ணால் தனித்து நிற்கிறது. தெய்வமாகும் வழியில் அக்கல் எடுத்து வைக்கும் முதல் அடி அது. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்திலும் இவ்வரிசையை ஒட்டியே காட்சிக் காதை, கால்கோட் காதை, நீர்ப்படைக் காதை, நடுகற் காதை என்று பெயர்கள் அமைந்துள்ளன. மலைவளம் காண வந்த சேரன் செங்குட்டுவனிடம், வேங்கை மர நிழலில் தாங்கள் கண்டதைக் குன்றக் குறவர் வந்து சொல்வது அந்தக் காட்சிக் காதையில்தான். அரசன் காண வந்தது மலையின் அழகை. அங்கே அவன் கேட்டது கண்ணகி தெய்வமான செய்தியை.

கோயிலுக்கு வெளியே நிகழும் காட்சிக்குத் திருநாவுக்கரசரின் திருவையாற்றுப் பதிகத்தைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. கயிலைக் காட்சியை வேண்டி வடக்கே நெடுந்தொலைவு நடந்து உடல் தேய்ந்த அவர், ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. எழுந்தவர் தம் பதினொரு பாடல்களில் கண்டதாகச் சொல்பவை, பிடியோடு வரும் களிறு, பெடையோடு வரும் கோழி, துணையோடு வரும் குயில், மயில், நாரை, கிளி, இளம் பசுவைத் தழுவி வரும் ஏறு ஆகியவை. இவற்றுள் கோழியும் ஏறும் எந்த ஊர்த் தெருவிலும் எதிர்ப்படுபவை. ஆயினும் ஒவ்வொரு பாட்டும் ‘கண்டே னவர்திருப் பாதம் கண்டறி யாதன கண்டேன்’ என்றே முடிகிறது. இணை இணையாக வரும் உயிர்களில் அம்மையப்பரைக் கண்டமையால், நாள்தோறும் கண்டவையே கண்டறியாதன ஆயின. ‘காண்’ என்னும் வினை ஒரே வரியில் மும்முறை வருவதைக் கவனித்துப் படிக்க வேண்டும்.

காட்சி என்பது இன்று திரையரங்கின் பகல் காட்சியையும் நாடகத்தின் ஓர் உறுப்பையும் குறிப்பதால், வழிபாட்டுச் சூழலில் ‘திருக்காட்சி’ என அடை சேர்த்து எழுதலாம். ‘தரிசித்தான்’ என்பதற்குக் ‘கண்டு வணங்கினான்’ என்பதும், ‘தீர்க்கதரிசனம்’ என்பதற்குத் ‘தொலைநோக்கு’ என்பதும் பெரும்பாலான இடங்களில் பொருந்தும். ஆருத்ரா தரிசனம் போன்று விழாப் பெயராகவே நிலைத்துவிட்டவற்றை அவ்வாறே விட்டுவிடலாம். வாசலில் பூத்த பூசணிப் பூவைப் பார்த்து ஒருவர் கைகூப்பி நிற்பதை எழுதும்போது மட்டும், காட்சி என்ற சொல்லையே நான் தேர்வேன்.