கடல் தாண்டியும் கெடாத பால்

அஞ்செட்டிப் பக்கம் காலையில் கறந்த பால் சொசைட்டிக்குப் போய்ச் சேர நேரமானால் மனசு பதறும். வெயில் ஏறினால் பால் திரிந்துவிடும். ஐரோப்பாவில் பிரான்ஸ், சுவிட்சர்லாந்து பக்கத்து ஆல்ப்ஸ், ஜூரா மலைக்காரர்களுக்கும் ஒரு காலத்தில் இதே கவலைதான். கோடையில் மாடுகள் மலை உச்சி மேய்ச்சலில் இருக்கும், பாலை வாங்குகிறவர்கள் அடிவாரத்தில் இருப்பார்கள். பாலாக இறக்க வழியில்லாததால் சீஸாக்கி இறக்கினார்கள். இன்று அந்த கொம்தே, க்ரூயேர் சீஸ்கள் கடல் கடந்து விற்கின்றன. தூரம் போவதற்கென்றே பிறந்த பண்டம் அது.

ஒரு கொம்தே வட்டு, அதாவது வட்டமாக வார்த்த ஒரு முழு சீஸ், சுமார் 40 கிலோ இருக்கும். அதற்கு ஏறக்குறைய 400 லிட்டர் பால் வேண்டும். நாலைந்து மாடு வைத்திருக்கும் வீட்டில் அவ்வளவு பால் ஏது? அதனால் ஜூரா மலையில் 13-ஆம் நூற்றாண்டிலேயே பல வீட்டுப் பாலை ஒரே கொப்பரையில் சேர்க்கும் வழக்கம் வந்துவிட்டது. நம் பால் சொசைட்டிக்கு மூத்த அக்கா என்று சொல்லலாம். வட்டு பெரிதாக இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. எடையோடு பார்த்தால் வெளிப்பரப்பு குறைவு, ஆகவே சீக்கிரம் காய்ந்து வெடிக்காது.

சரி, பால் எப்படி இவ்வளவு நாள் தாங்குகிறது? பாலில் கேசீன் என்ற புரதம் கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாக மிதக்கிறது. ஒவ்வொரு உருண்டையின் மேலும் மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் அவைதான் விலக்கி வைக்கின்றன. பால்குடிக் கன்றின் நான்காம் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட்டில் உள்ள நொதி அந்த இழைகளை மட்டும் குறிபார்த்து வெட்டுகிறது. தடை போனதும் உருண்டைகள் ஒட்டிக்கொண்டு, அரை மணி வாக்கில் கொப்பரைப் பால் முழுவதும் கட்டியாகிவிடும். இந்த இரண்டு சீஸ்களுக்கும் இன்றும் கன்று ரென்னெட்தான். சைவம் பார்ப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பனீருக்கு எலுமிச்சைச் சாறு ஊற்றும்போது நடப்பது வேறு. கொதிசூடும் அமிலமும் சேர்ந்து உறைய வைக்கும் அந்தக் கட்டி நிறைய நீரைப் பிடித்துக்கொள்ளும். ரென்னெட் கட்டியை கோதுமை மணி அளவுக்கு வெட்டி, செம்புக் கொப்பரையில் 55 டிகிரி வரை சூடேற்றிக் கிளறினால், ஒவ்வொரு மணியும் தானே சுருங்கி நீரைக் கக்கிவிடும். அந்தச் சூட்டைத் தாங்கும், பாலைப் புளிக்க வைக்கும் லாக்டிக் பாக்டீரியாக்கள், அழுத்தி வைத்த வட்டுக்குள் மிச்சமிருக்கும் பால் சர்க்கரையை ஒரே நாளில் தின்று அமிலமாக்குகின்றன. அப்புறம் உப்பு. பனீரில் பாதிக்கு மேல் தண்ணீர், இதில் மூன்றில் ஒரு பங்குதான். தண்ணீர் குறைவு, சர்க்கரை இல்லை, புளிப்பும் உப்பும் உண்டு என்றானபின் பாலைக் கெடுக்கும் கிருமிகளுக்கு அங்கே பிழைப்பு கடினம்.

நிலவறையில் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரப் பலகைகள் மேல் வட்டுகள் முதிரும்போது புரதம் உடைந்து அமினோ அமிலங்கள் பிறக்கின்றன. அவற்றில் ஒன்றான குளூட்டமேட்தான் அந்த ஆழமான சுவைக்கு முக்கியக் காரணம். நன்றாக முதிர்ந்த துண்டை வெட்டினால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரியும், பல்லில் நறநறக்கும். பலர் உப்பு என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் படிகம். பழுது இல்லை, முதிர்ச்சியின் அடையாளம்.

நம் ஊர் மாட்டுக்காரர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டியது தீவன விஷயம். மக்காச்சோளத் தட்டையை நறுக்கி, காற்றுப் புகாமல் அடைத்து சைலேஜ் போடுகிறோம். மாட்டுக்கு நல்ல தீவனம், பாலுக்கும் குறைவில்லை. ஆனால் கொம்தே, க்ரூயேர் விதிகள் சைலேஜை அடியோடு தடுக்கின்றன. மண்ணிலிருந்து சைலேஜில் சேரும் கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் மாட்டின் வயிற்றைக் கடந்து சாணத்தில் வரும். மடியைச் சரியாகக் கழுவாவிட்டால் பாலில் இறங்கும். 55 டிகிரி சூடு அவற்றைக் கொல்லாது. காற்றில்லாத வட்டுக்குள் அவை சில வாரங்களோ மாதங்களோ கழித்து முளைத்து, லாக்டிக் அமிலத்தையே தின்று வாயுவைக் கிளப்பும். வட்டு உப்பி, உள்ளே பிளந்து, ஊசல் வாடை அடிக்கும். முதல் நாள் தட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சரக்கு நடுக்கடலில் போகும்போது வெளிப்படலாம். பணம் கொடுத்தவன் அடுத்த முறை வாங்குவானா?

ஏற்றுமதித் தாள்கள் இந்த அறிவியலின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. காய்ச்சாத பாலில் செய்த சீஸ் குறைந்தது 60 நாள் முதிர்ந்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. கொம்தேவுக்குக் குறைந்தபட்ச முதிர்ச்சியே 120 நாள் என்பதால் அது தானாகவே தேறிவிடும். ஒவ்வொரு வட்டிலும் பச்சை நிற அடையாளத் தகடு ஒன்று பதிந்திருக்கும். எந்தக் கொப்பரைக் கூடத்தில் எப்போது செய்தது என்று அதைக் கொண்டு கண்டுபிடிக்கலாம். அந்தத் தகடும் பால் புரதமான கேசீனில் செய்ததுதான்.

தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இப்படி ஒரு முயற்சி எடுக்க நினைப்பவர்கள் இயந்திரத்துக்கு விலை கேட்பதற்கு முன் தீவனத்தை விசாரிப்பது நல்லது. பசும்புல்லும் காய்ந்த தட்டையும் மட்டும் போடும் வீடுகளின் பாலைத் தனிக் கேனில் பிரித்து வாங்க வேண்டும். அடுத்தது அறை. நம் வெயிலுக்கு நிலவறை மட்டும் போதாது. பதினைந்து டிகிரியை ஒட்டிய குளிரும் தொண்ணூறு சதவீத ஈரப்பதமும் நாலு மாதம் விடாமல் வேண்டும். முதல் வட்டு விற்பதற்குள் வரும் கரண்ட் பில்லையும் முதலீட்டில் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.