இன்ஜின் சூடாகுதா? மூக்கு ஓட்டையை பெருசாக்காதீங்க

வீட்டு கராஜ்லயே வருஷக்கணக்கா உக்காந்து சொந்தமா பிளேன் கட்டி பறக்கிற ஆளுங்க அமெரிக்கால ஆயிரக்கணக்குல இருக்காங்க. இதுக்குன்னே 1953ல ஆரம்பிச்ச ஈ.ஏ.ஏ.ன்னு (எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன்) ஒரு சங்கம் இருக்கு, வருஷா வருஷம் விஸ்கான்சின்ல இருக்கிற ஆஷ்கோஷ்ல பெரிய திருவிழாவே நடத்துறாங்க. ரொம்ப பேர் கட்டுறது ஒரிகான்ல இருக்கிற வான்ஸ் கம்பெனியோட ஆர்.வி. கிட், அதாவது பாகங்களா வாங்கி நாமளே கோத்து கட்டுற பிளேன், அதுல மாட்டுறது பெரும்பாலும் நாலு சிலிண்டர் லைகமிங் இன்ஜின். ரிவெட் அடிச்சு, ஒயரிங் முடிச்சு, பெயின்ட் அடிச்சு ஒரு வழியா மேல ஏத்தினா, ஏறுற நேரத்துலயே சிலிண்டர் ஹெட் டெம்பரேச்சர், அதாவது சி.எச்.டி., மளமளன்னு மேல போறத பாத்து பாதி பேருக்கு வயித்தைக் கலக்கும்.

இந்த இன்ஜின்ல ரேடியேட்டர், கூலன்ட் எதுவும் கிடையாது, பைக் இன்ஜின்ல இருக்கிற மாதிரி சிலிண்டரை சுத்தி அலுமினிய ஃபின்தான், அடுக்கடுக்கா நிக்கிற மெல்லிசு தகடு. பெட்ரோல்ல இருக்கிற சக்தியில கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு கூட புரொபெல்லருக்கு போறதில்ல, பெரும்பங்கு சைலன்சர் வழியா வெளிய போயிடும். பத்துல ஒரு பங்கு மாதிரி இந்த ஃபின் வழியா காத்துல கலந்தே ஆகணும், மிச்சம் கொஞ்சம் ஆயில்ல போகும். லைகமிங் கொடுத்திருக்கிற உச்ச வரம்பு 500 ஃபாரன்ஹீட், நம்ம கணக்குல 260 டிகிரி. அதுக்காக 490ல ஓட்டலாம்னு அர்த்தம் இல்ல. அலுமினியம் சூடாக சூடாக பலம் குறைஞ்சுகிட்டே போகும், அதனால விவரம் தெரிஞ்சவங்க 400 ஃபாரன்ஹீட்டுக்குள்ள, அதாவது 204 டிகிரிக்குள்ள வெச்சுக்கத்தான் பாப்பாங்க.

சரி, சூடாகுது, என்ன பண்ணலாம்னா எல்லாருக்கும் முதல்ல தோணுறது முன்னாடி காத்து வர்ற ஓட்டையை பெருசாக்கலாம்ங்கிறதுதான். இங்கதான் எல்லாரும் வழுக்குறாங்க. புரொபெல்லர் நடுவுல இருக்கிற கூம்புக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற ஓட்டை வழியா காத்து உள்ள வந்து இன்ஜினுக்கு மேல இருக்கிற இடத்துல அடைஞ்சு நிக்கும், அங்கிருந்து ஃபின்னுக்கு நடுவுல கீழ இறங்கி, அடியில பின்பக்கமா வெளிய போகும். காத்தை கீழ தள்ளுறது மேலயும் கீழயும் இருக்கிற அழுத்த வித்தியாசம் மட்டும்தான். ஒரு ரூம்ல எதிர் ஜன்னல சாத்திட்டு இந்த ஜன்னல எவ்வளவு பெருசா திறந்தாலும் காத்து வராதுல்ல, அதே கதை. வெளிய போற வழி சரியில்லேன்னா உள்ள வர்ற ஓட்டைய பெருசாக்கினா காத்து உள்ள நுழையாம கவ்லிங், அதாவது இன்ஜினை மூடியிருக்கிற கூடு, அதோட ஓரமா வழிஞ்சு போகும், சூடு அப்படியே இருக்கும், ஸ்பீடு குறையுறதுதான் மிச்சம்.

அந்த அழுத்தம் எவ்வளவுன்னு பாத்தா ஆச்சரியமா இருக்கும். கடல் மட்டத்துல 160 நாட், அதாவது மணிக்கு கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் வேகத்துல பறந்தா எதிர்காத்து கொடுக்கிற அழுத்தம் 42 சென்டிமீட்டர் தண்ணி உயரம்தான், ஒரு டியூப்ல தண்ணிய அவ்வளவு உயரத்துக்கு தூக்குற அளவு. மேல ஏறும்போது 80 நாட்ல ஏறுனீங்கன்னா வேகம் பாதி, அழுத்தமோ கால்வாசி, பத்து பத்தரை சென்டிமீட்டர்தான். ஆனா இன்ஜின் அப்பதான் ஃபுல் பவர்ல ஓடுது. அதனாலதான் ஏறும்போது மட்டும் சூடு எகிறுது, அதனாலதான் அனுபவஸ்தங்க மூக்கை கொஞ்சம் இறக்கி வேகத்தை கூட்டி ஏறுன்னு சொல்றாங்க, செலவே இல்லாத வைத்தியம்.

இவ்வளவு சின்ன அழுத்தத்தை வெச்சுகிட்டு வேலை பாக்கிறப்ப ஒரு சின்ன சந்து கூட துரோகிதான். காத்து சோம்பேறி, ஃபின்னுக்கு நடுவுல நெருக்கி போறத விட காத்தை ஃபின் பக்கம் திருப்பி விட இன்ஜினை சுத்தி இருக்கிற பாஃபிள் தகடோட மூலையில விரல் நுழையுற இடைவெளி இருந்தா அதுவழியா ஓடிடும், ஒரு சூட்டையும் எடுக்காம. தகடுக்கும் கவ்லிங்கோட மேல் மூடிக்கும் நடுவுல ஒரு ரப்பர் பட்டை மடங்கி உக்காந்திருக்கும், அந்த பட்டை முன்னாடி பக்கமா, காத்து வர்ற பக்கமா வளைஞ்சிருக்கணும், அப்பதான் அழுத்தமே அதை மூடியோட சேத்து ஒட்டி வைக்கும். கொஞ்சம் பறந்த பிறகு மூடிய கழட்டி உள்பக்கம் பாத்தா ரப்பர் உரசின கருப்பு கோடு தெரியும். கோடு விட்டு விட்டு இருந்தா அந்த இடத்துல காத்து ஓடுதுன்னு அர்த்தம். இன்னொரு வழி, ராத்திரி லைட்டை அணைச்சுட்டு இன்ஜினுக்கு கீழ ஒரு பல்பை வெச்சு மேல இருந்து பாக்கிறது, ஃபின்னுக்கு நடுவுல தெரியுற வெளிச்சம் ஓகே, வேற எங்க வெளிச்சம் தெரிஞ்சாலும் அங்க சிவப்பு சிலிக்கான் பேஸ்ட்டை அப்பணும். புரொபெல்லரை சுத்துற கிராங்க் ஷாஃப்ட் வெளிய வர்ற இடம், கூம்புக்கு பின்னாடி, ரொம்ப பேர் மறந்துடுற ஓட்டை அது.

ஃபின்னுக்கு நடுவுலயும் அடைப்பு இருக்கும். வார்ப்பு போடும்போது ஒழுகின அலுமினிய மெல்லிசு தகடு சில இடத்துல ஃபின்னை அடைச்சுகிட்டு நிக்கும், புது இன்ஜின்லயே. நீளமான அரம் இல்லேன்னா ஹேக்ஸா பிளேடை விட்டு பொறுமையா எடுக்கணும், ஸ்பார்க் பிளக் பக்கத்துல, எக்ஸாஸ்ட் போர்ட் பக்கத்துல இது கண்டிப்பா பாக்க வேண்டிய இடம்.

வெளிய போற வழிக்கு வருவோம். உள்ள வந்த காத்து 60 டிகிரி சூடேறினா அதோட கன அளவே அஞ்சுல ஒரு பங்கு கூடிடும், அதனால வெளிவாசல் உள்வாசல விட பெருசா இருக்கணும். அங்கதான் சைலன்சர் பைப், முன் சக்கர கம்பி, கேபிள்னு எல்லாம் குறுக்க நிக்கும், அதுக்கு மேல, இன்ஜினையும் ஆள் உக்கார்ற இடத்தையும் பிரிக்கிற ஃபயர்வால் தகடோட அடி ஓரம் கத்தி மாதிரி கூர்மையா திரும்பும், காத்து அங்க முட்டி சுழலும். அந்த ஓரத்துல உருண்டையா வளைச்ச ஒரு தகடு வெச்சாலே சிலருக்கு நல்ல மாற்றம் கிடைச்சிருக்கு. வெளிவாசலுக்கு முன்னாடி சின்னதா ஒரு உதடு வெச்சா பின்னாடி அழுத்தம் குறைஞ்சு காத்தை உறிஞ்சும்.

இதையெல்லாம் ஊகத்துல பண்ண வேண்டாம். ஒரு பழைய ஸ்பீடோமீட்டரை, அதாவது ஏர்ஸ்பீட் இண்டிகேட்டரை எடுத்து ஒரு டியூப் இன்ஜினுக்கு மேல, இன்னொண்ணு கீழ வெச்சா அது காட்டுற நாட்ல இருந்தே அழுத்த வித்தியாசத்தை கணக்கு போட்டுக்கலாம். டியூப் முனையை அடைச்சு பக்கவாட்டுல பொடி ஓட்டை நிறைய போடணும், இல்லேன்னா நேரா அடிக்கிற காத்து ரீடிங்கை கெடுத்துடும்.

நாலு சிலிண்டரும் சூடா, ஒண்ணு மட்டுமாங்கிறதுதான் முதல் கேள்வி. நாலுமேன்னா காத்து மட்டும் காரணமா இருக்காது, ஃபுல் த்ராட்டில்ல பெட்ரோல் பத்தாம போகலாம். 180 குதிரைசக்தி இன்ஜினுக்கு அப்ப மணிக்கு 60 லிட்டராவது போகணும். இல்லேன்னா எலக்ட்ரானிக் இக்னிஷன் தீப்பொறியை ரொம்ப முன்னாடியே விடலாம். ஒண்ணு மட்டும்னா முதல்ல சென்சாரை கழட்டி கொதிக்கிற தண்ணில முக்கி 100 காட்டுதான்னு பாருங்க, அப்புறம் இன்ஜினை குறை சொல்லலாம்.

ஆர்.வி.யில பேர்போன வில்லன் மூணாம் நம்பர் சிலிண்டர், வலது பின்பக்கம். அதோட பின்பக்கத்துல ஒரு இடத்துல ஃபின் ஆழமே இல்ல, பாஃபிள் தகடு சிலிண்டரோட ஒட்டி உக்காந்து காத்து போற வழியையே அடைச்சிடும். தகடுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல ஒரு வாஷரை போட்டு இத்துனூண்டு சந்து விட்டா காத்து இறங்க வழி கிடைக்கும், டெம்பரேச்சர் நல்லாவே இறங்கும். இது வேணும்னே விடுற சந்து. முன்னாடி சிலிண்டர் ரொம்ப குளுகுளுன்னு இருந்தா அதுக்கு எதிர்ல ஒரு குட்டி தடுப்பு வெச்சு காத்தை பின்னாடி அனுப்பலாம், ஏற்கனவே இருக்கிற தடுப்பு ஓவரா இருந்தா கொஞ்சம் கொஞ்சமா வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு தடவை பறந்து பாத்து சரிபண்ணணும்.

புது இன்ஜின்ல இன்னொரு சிக்கல், பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோட படிஞ்சு உக்கார வரைக்கும் உரசல் அதிகம், சூடும் அதிகம். பாவம்னு மெதுவா ஓட்டினா ரிங் சரியா படியாது, சுவர் வழுவழுன்னு ஆகி ஆயில் குடிக்க ஆரம்பிச்சிடும். அதனால தரையில ரொம்ப நேரம் ஓட விடாம சீக்கிரம் கிளம்பி 75 சதவீத பவருக்கு மேல வெச்சு பறக்கணும், அதுக்கு கூலிங் முதல் நாளே ஒழுங்கா இருக்கணும். கட்டுறப்ப சிலிக்கான் பேஸ்ட்டுக்கு சோம்பல் பட்டவங்க இங்க மாட்டுவாங்க.

சந்தெல்லாம் அடைச்சு முடிச்சா சில பிளேன்ல நிலைமை தலைகீழா ஆகி க்ரூஸ்ல, அதாவது ஏறி முடிச்சு சீரா பறக்கிறப்ப, கூலிங் தேவைக்கு மேல போயிடும். தேவைக்கு மேல காத்து உள்ள போனா அது சும்மா இழுவைதான். அப்ப வெளிவாசலை மூடித் திறக்கிற மாதிரி ஒரு மடக்கு தகடு வெச்சு, ஏறும்போது திறந்து, க்ரூஸ்ல முக்கால்வாசி மூடிட்டா, சூட்டை அடக்க ஆரம்பிச்ச வேலையில சில நாட் வேகமும் கூடுதலா கிடைக்கும்.