பச்சை உடம்பும் வீங்கிய இடது காலும்

போன மாதம், மலேசியாவில் சுங்கை சிப்புட்டை ஒட்டிய ஒரு செம்பனைத் தோட்டத்து வீட்டுக்கு, பிள்ளை பெற்றவளைப் பார்க்க நர்ஸாகப் போயிருந்தேன். பிள்ளை பிறந்து ஒன்பதாம் நாள். நான் நுழையும்போது மாமியார் நல்லெண்ணெயைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார். "இடது கால் பிடிச்சுக்கிச்சு மிஸ்ஸி. உருவி விட்டா சரியாப் போயிடும்."

"கை வைக்காதீங்கம்மா" என்று அளவு நாடாவை எடுத்தேன். இரண்டு கெண்டைக்காலுக்கும் நான்கு சென்டிமீட்டர் வித்தியாசம். தொட்டால் சூடு. மதியத்துக்குள் ஈப்போவுக்கு அனுப்பினோம். ஸ்கேனில் தொடை வரை ரத்தக்கட்டி. உருவியிருந்தால் அது பிய்த்துக்கொண்டு நுரையீரலில் போய் அடைத்திருக்கலாம்.

பிரசவத்தில் ரத்தம் அதிகம் போய்விடக் கூடாதென்று, கர்ப்ப காலத்தில் உடம்பே ரத்தத்தைச் சீக்கிரம் உறையும்படி மாற்றி வைக்கிறது. அதனால் கட்டி வரும் ஆபத்து மற்ற நேரத்தைவிட 4, 5 மடங்கு. பிள்ளை பிறந்ததும் கண்டம் தாண்டியது என்று நினைக்கிறோம். பிறந்த பின் முதல் 6 வாரம்தான் உச்சம். பெரும்பாலும் இடது கால்தான். வலது காலுக்குப் போகும் தமனி, இடது காலிலிருந்து ரத்தம் திரும்பும் சிரையின் மேல் ஏறி அழுத்திக்கொண்டு போகிறது.

மாமியாருக்கு ஒரே ஆத்திரம்: "வலி வர மருந்து வச்சாங்களே, அதான்!" அப்படிச் சொல்லிவிட முடியாது. வலி 24 மணி நேரத்துக்கு மேல் இழுத்தது, டிரிப்போடு படுத்தே கிடந்தாள், கடைசியில் ஆபரேஷன். கட்டிக்கு வழிவிட்டவை இவைதாம். மருந்து வைத்தாலே ஆபரேஷன் என்பதும் சரியில்லை. அமெரிக்காவில் சிக்கலில்லாத 6,106 தலைப்பிரசவக்காரிகளை வைத்துச் செய்து 2018-இல் வெளியான 'அரைவ்' ஆய்வில், 39-ஆம் வாரத்தில் வலி வரவழைத்தவர்களில் 18.6 விழுக்காட்டினருக்கு சிசேரியன், காத்திருந்தவர்களில் 22.2.

ஒன்றை மறைக்க மாட்டேன். வலி வரவழைக்க வைக்கும் புரோஸ்டாகிளாண்டின் மருந்தின் குறிப்பில் ஓர் எச்சரிக்கை உண்டு: 35 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கும் 40 வாரம் கடந்தவர்களுக்கும், மிக அரிதாக, உடம்பெங்கும் பொடிப்பொடியாக ரத்தம் உறைந்து, உறைய வைக்கும் சரக்கே தீர்ந்து, பிறகு ரத்தப்போக்கு நிற்காமல் போகலாம். காலில் வரும் கட்டி வேறு, இது வேறு.

ஏற்கெனவே கட்டி வந்து, ரத்தம் உறையாமலிருக்க இனோக்ஸாபரின் ஊசி போடுகிறவர்களுக்கோ கதை தலைகீழ். நாள் குறித்து வலி வரவழைப்பது அவர்களில் பலருக்கு நல்லது. சிறு அளவு ஊசி போட்டு 12 மணி நேரம், முழு அளவென்றால் 24 மணி நேரம் போனால்தான் முதுகில் மயக்க ஊசி குத்த முடியும். வலி தானாக வந்தால் இந்தக் கணக்கெல்லாம் பார்க்காது.

பத்தியத்தோடு எனக்குச் சண்டையில்லை. பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு எல்லாம் போடுங்கள், வாசத்துக்கே எனக்குப் பசிக்கும். ஆனால் வயிறு தொங்குமென்று தண்ணீரை டம்ளரில் அளந்து கொடுக்காதீர்கள், பச்சை உடம்புக்காரியைப் படுக்கையிலேயே போட்டு வைக்காதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு குத்தினாலோ நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிதான்.

அந்தப் பெண் தேறிவிட்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு, கட்டி வராமலிருக்க, தினம் ஒன்றாக வயிற்றில் போட்டுக்கொள்ள அவளுக்கு ஊசி கொடுத்தனுப்பியிருந்தார்கள். அன்று தலையணைக்குப் பக்கத்துப் பையில் ஏழு ஊசி பிரிக்காமல் கிடந்தது. குத்திக்கொள்ளப் பயம், யாரும் கேட்கவுமில்லை. அதற்கு முன் நான்கு முறை அந்த வீட்டுக்குப் போனவள் நான்தான். பிள்ளையின் மஞ்சளைப் பார்த்தேன், தையலைப் பார்த்தேன், பையைத் திறந்து பார்க்கவில்லை. இப்போதெல்லாம் பிள்ளையைத் தூக்குவதற்கு முன்னால் ஊசியை எண்ணிவிடுகிறேன்.