பட்டியலில் இருக்கிறது, படித்தீர்களா?

ஆய்வேடு சமர்ப்பிக்கும் தேதி நெருங்க நெருங்க, நூலகத்தில் என் மேசைக்கு வரும் மாணவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "துணைநூற்பட்டியல் ஏபிஏ முறைப்படி சரியா இருக்கா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க மேடம்." பார்ப்பேன். (ஏபிஏ என்பது, மூலங்களை எப்படிக் குறிப்பது என்று அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த முறை.) ஆனால் காற்புள்ளிக்கும் சாய்வெழுத்துக்கும் போவதற்கு முன்னால், பட்டியலில் ஏதாவது ஐந்து பதிவுகளைக் குறித்து, "இந்த ஐந்தையும் திறந்து காட்டுங்கள்" என்பேன். ஐந்தையும் திறந்து காட்டுபவர்கள் குறைவு.

ஒரு முதுகலை மாணவி வந்திருந்தார். பட்டியலில் 62 பதிவுகள்; வடிவத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. ஒரு மேற்கோளுக்குப் பக்கம் 214 என்று போட்டிருந்தார். பட்டியலில் இருந்த டிஓஐ இணைப்பை, அதாவது கட்டுரைக்கான நிலையான இணைய அடையாள எண்ணை, தட்டினோம். கட்டுரை திறந்தது. அது இதழின் 31-ஆம் பக்கத்தில் தொடங்கி 46-இல் முடிந்துவிடுகிறது! விசாரித்தால், மேற்கோளையும் பதிவையும் வேறொரு ஆய்வேட்டிலிருந்து அப்படியே எடுத்திருக்கிறார். 214 என்பது அந்த ஆய்வேட்டின் பக்க எண். சரி, மூலத்திலேயே தேடுவோம் என்று உட்கார்ந்தோம். 39-ஆம் பக்கத்தில் அந்த வாக்கியம் கிடைத்தது. ஆனால் மூலத்தில் வாக்கியம் "சில சூழல்களில்" என்று தொடங்குகிறது. இடையில் எடுத்தாண்டவர் அந்த இரண்டு சொற்களை விட்டுவிட்டார். மாணவியின் மூன்றாம் இயல் முழுவதும் அந்தச் சொற்கள் விடுபட்ட வாக்கியத்தின் மேல்தான் நின்றது.

அவர் யாரையும் ஏமாற்ற நினைத்தவர் இல்லை. "எல்லாரும் இப்படித்தானே செய்றாங்க" என்றார். அதுதான் எனக்குக் கவலை.

பசலைக்கீரைக் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். யாரோ ஒரு விஞ்ஞானி தசமப் புள்ளியை இடம் மாற்றி வைத்ததால், அந்தக் கீரையில் இரும்புச்சத்து பத்து மடங்கு என்று உலகம் நம்பிவிட்டது என்பார்கள். கவனக்குறைவுக்கு எடுத்துக்காட்டாக வகுப்புகளில்கூடச் சொல்வதுண்டு. 1981-இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த கட்டுரை அந்தக் கதையைப் பரப்பியது. அதில் அதற்கு மூலம் எதுவும் தரப்படவில்லை. பிறகு 2010-இல் மைக் சட்டன் என்ற குற்றவியல் ஆய்வாளர் பின்னோக்கித் தேடிப்போனார். தசமப் புள்ளி இடம் மாறியதற்கு அவருக்கு எந்தச் சான்றும் கிடைக்கவில்லை. ஆக, மூலத்தைச் சரிபார்க்காததன் விளைவு என்று சொல்லப்பட்ட கதையையே, மூலத்தைச் சரிபார்க்காமல்தான் இத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள்.

இன்னொன்று. பதிப்பகம் ஒன்று கட்டுரையாளர்களுக்கான வழிகாட்டியில், பதிவு எப்படி இருக்க வேண்டும் என்று காட்டக் கற்பனையாக ஒரு கட்டுரையின் விவரத்தைப் போட்டிருந்தது. அப்படி ஒரு கட்டுரையே கிடையாது. ஆனாலும் அது கிட்டத்தட்ட 400 முறை மேற்கோளாகக் காட்டப்பட்டிருப்பதை 2017-இல் அன்-வில் ஹார்சிங் என்ற பேராசிரியர் எழுதினார். மாதிரிப் படிவத்தில் இருந்த வரியைப் பலர் நீக்காமலே விட்டிருக்கிறார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் மூலங்களைக் கேட்டு வாங்கும் பழக்கமும் வந்துவிட்டது. ஆசிரியர் பெயர், ஆண்டு, இதழ், பக்கம் எல்லாம் பொருத்தமாக இருக்கும். தேடினால் கட்டுரை இருக்காது. என் மேசையிலேயே இதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

மூல நூல் கிடைக்கவே இல்லை என்றால் என்ன செய்வது? அதற்கும் நேர்மையான வழி இருக்கிறது. மூல ஆசிரியரின் பெயரைச் சொல்லி, இன்னாருடைய நூலில் மேற்கோள் காட்டப்பட்டபடி என்று உள்ளே எழுதுங்கள். ஏபிஏ முறையில் பட்டியலில் வரவேண்டியது நீங்கள் கையில் வைத்துப் படித்த நூல் மட்டும்தான். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் ஒரு கட்டுரையில் இது ஓரிரு இடங்களுக்கு மேல் வந்தால் நெறியாளர் கேட்கத்தான் செய்வார்.

அப்புறம், சொந்த நடையில் எழுதுவது. மூலத்தில் "தூக்கம் குறைந்தால் புதிதாகக் கற்றது நினைவில் தங்குவதும் குறைகிறது" என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். மாணவர் எழுதுகிறார்: "உறக்கம் குறைந்தால் புதிதாகப் படித்தது மனத்தில் நிற்பதும் குறைகிறது." அடைப்புக்குறிக்குள் ஆசிரியரும் ஆண்டும் சரியாக இருக்கின்றன. இருந்தும் இது சொந்த நடை ஆகாது. வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே மூலத்துடையது. ஒன்று, மேற்கோள் குறிக்குள் மூலத்தையே தாருங்கள். இல்லையென்றால் மூலத்தை மூடிவைத்துவிட்டு, அது சொல்வதை ஒரு நண்பருக்கு விளக்குவதுபோல எழுதிவிட்டு, பிறகு திறந்து ஒப்பிடுங்கள்.

வடிவத்தைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். ஏபிஏ கையேட்டின் ஏழாம் பதிப்பு 2019-இல் வந்தது. அதில் பதிப்பகம் இருக்கும் ஊரைக் குறிக்க வேண்டியதில்லை, மூன்றோ அதற்கு மேலோ ஆசிரியர்கள் இருந்தால் கட்டுரைக்குள் குறிப்பிடும் முதல் முறையிலேயே முதல் பெயரும் "மற்றும் பிறர்" என்பதும் போதும். 40 சொற்களோ அதற்கு மேலோ உள்ள மேற்கோளைத் தனிப் பத்தியாக உள்தள்ளி, மேற்கோள் குறி இல்லாமல் தர வேண்டும். இதேபோன்ற வேறு முறைகளில், எம்எல்ஏவுக்கு ஒன்பதாம் பதிப்பு, சிகாகோவுக்குப் பதினெட்டாம் பதிப்பு நடப்பில் இருக்கின்றன. எந்த முறை, எந்தப் பதிப்பு என்று துறையில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஸொட்டேரோ, மெண்ட்லி போன்ற துணைநூற்பட்டியல் மென்பொருள்கள் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் அவை தருவதையும் கண்ணால் ஒருமுறை பார்க்க வேண்டும். ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இணையதளத்தின் பெயர் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

உண்மையான வேலை, குறிப்பு எடுக்கும்போதே முடிந்துவிட வேண்டும். வரிக்கு வரி எடுத்ததை மேற்கோள் குறிக்குள் எழுதி, பக்கத்திலேயே பக்க எண். உங்கள் சொந்தக் கருத்தை வேறு நிற மையில். ஆறு மாதம் கழித்து நோட்டைப் புரட்டும்போது எது யாருடைய வாக்கியம் என்று உங்களுக்கே தெரியாது.

அந்த மாணவி ஒரு வாரம் கழித்துத் திரும்ப வந்தார். 62 பதிவுகள் 45 ஆகியிருந்தன. மூன்றாம் இயலைப் பாதிக்கு மேல் மாற்றி எழுதியிருந்தார். மறுபடியும் ஐந்தைக் குறித்துக் கொடுத்தேன். ஐந்தையும் திறந்து, பக்கத்தையும் காட்டினார். அதற்குப் பிறகுதான் காற்புள்ளிகளைப் பார்க்க உட்கார்ந்தோம்.