டெஸ்ட் எல்லாம் பாஸ், பட்டனைத்தான் காணோம்

இணையத்தில் ஒரு கட்டணப் பக்கம். கீழே பச்சைப் பெட்டி ஒன்று, அதில் ‘பணம் செலுத்து’ என்று எழுதியிருக்கிறது. மவுஸால் தட்டினால் பணம் போகிறது. பக்கத்துக்காக எழுதி வைத்த தானியங்கி டெஸ்ட்டுகளும் அதைத் தட்டிப் பார்த்து, எல்லாம் சரி என்கின்றன.

அதே பக்கத்துக்குப் பார்வையில்லாத ஒருவர் வருகிறார். டேப் விசையை அழுத்தி அழுத்தி நகர்கிறார். ஒவ்வொரு இடத்தையும் திரைவாசிப்பான் குரலில் சொல்கிறது. அட்டை எண். காலாவதி தேதி. ரகசிய எண். அடுத்த டேப்புக்குப் பக்கத்தின் அடியில் இருக்கும் ‘தொடர்புக்கு’ என்ற இணைப்பு வந்துவிடுகிறது. பணம் செலுத்தும் பெட்டியை டேப் தொடவே இல்லை.

எழுதியவர் எச்.டி.எம்.எல்-லில் ‘பட்டன்’ என்ற டேகைப் போடாமல், ‘டிவ்’ என்ற வெறும் பெட்டிக்கு நிறம் பூசி, தட்டினால் வேலை செய்யும்படி ஜாவாஸ்கிரிப்ட் சேர்த்திருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது. கண்ணுக்கு அது பட்டன், பிரவுசருக்கு வெறும் பெட்டி. டெஸ்ட்டும் அந்தப் பெட்டியை, நிரலில் அதற்கு வைத்த ‘கிளாஸ்’ என்ற அடையாளப் பெயரை வைத்துத் தேடிப் பிடித்துத் தட்டியது. அந்தப் பெயர் டெவலப்பருக்கும் டெஸ்ட்டுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். பயனர் யாரும் அந்த வழியாக வருவதில்லை.

பயனர் வரும் வழி எது? பிரவுசர் ஒரு பக்கத்தைப் படித்ததும் அதன் உறுப்புகளை ஒரு மரமாக அடுக்குகிறது. இதை டாம் என்பார்கள். அப்புறம் அதிலிருந்து இன்னொரு மரத்தை உருவாக்குகிறது. அதுதான் அணுகல் மரம். அதில் நிறமும் இல்லை, அழகும் இல்லை. ஒவ்வொரு உறுப்புக்கும் இது என்ன வகை, பெயர் என்ன, எந்த நிலையில் இருக்கிறது என்ற விவரம் மட்டும் இருக்கும். ‘பட்டன், பணம் செலுத்து’, ‘தேர்வுப் பெட்டி, நிபந்தனைகளை ஏற்கிறேன், தேர்வு செய்யப்படவில்லை’ என்பது போல. திரைவாசிப்பான் முக்கியமாக இந்த மரத்தைத்தான் படிக்கிறது. அணுகல்தன்மையை, அதாவது மாற்றுத்திறனாளிகளும் பக்கத்தைப் பயன்படுத்த முடிகிறதா என்பதை, டெஸ்ட் செய்வது என்றால், நம் டெஸ்ட்டுகளையும் இந்த மரத்தின் வழியாக வரவைப்பதுதான்.

இதற்கு முதலில் கைக்கு வரும் கருவி ஆக்ஸ் கோர். டீக்யூ என்ற அமெரிக்க நிறுவனம் 2015-இல் திறந்த மூலமாக வெளியிட்டது. குரோமில் இருக்கும், பக்கங்களின் தரத்தைச் சோதிக்கும் லைட்ஹவுஸின் அணுகல்தன்மைச் சோதனைகளும் இதைத்தான் பயன்படுத்துகின்றன. பிளேரைட், சைப்ரஸ், செலினியம் என்று எதில் டெஸ்ட் எழுதினாலும் ஓரிரு வரியில் சேர்த்துவிடலாம். டெஸ்ட் ஓடும்போது இந்த ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்துக்குள்ளேயே இறங்கி, உறுப்பு உறுப்பாகப் போய் விதிகளோடு ஒப்பிடுகிறது. அந்த விதிகளில் பெரும்பாலானவை இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி-யின் டபிள்யூ.சி.ஏ.ஜி வழிகாட்டுதல்களிலிருந்து வந்தவை. அதன் முதல் பதிப்பு 1999-இல் வந்தது, 2.2 பதிப்பு 2023 அக்டோபரில்.

விதி என்றால் என்ன என்பதற்கு நிற மாறுபாட்டை எடுத்துக்கொள்வோம். வெள்ளைப் பின்னணியில் சாம்பல் எழுத்து. மங்கலாக இருக்கிறதா இல்லையா என்று இரண்டு பேர் நாள் முழுக்க வாதாடலாம். டபிள்யூ.சி.ஏ.ஜி அதைக் கணக்காக்கிவிட்டது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் முதலில் உண்மையான ஒளி அளவுக்கு மாற்ற வேண்டும். பிறகு சிவப்பை 0.2126, பச்சையை 0.7152, நீலத்தை 0.0722 ஆல் பெருக்கிக் கூட்டினால் ஒளிர்வு கிடைக்கும். நம் கண்ணுக்குப் பச்சை அதிகப் பிரகாசமாகவும் நீலம் மிகக் குறைவாகவும் படுவதால்தான் இந்த எண்கள் இப்படி இருக்கின்றன. எழுத்து, பின்னணி இரண்டின் ஒளிர்வோடும் 0.05 சேர்த்து, பெரியதைச் சிறியதால் வகுத்தால் விகிதம் வரும். வெள்ளையில் கறுப்பு என்றால் 21. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும், பெரிய எழுத்துக்கு 3 போதும். #777777 என்ற சாம்பலுக்கு வெள்ளையில் 4.48 வருகிறது, தோல்வி. ஒரே படி இருட்டான #767676-க்கு 4.54, தேர்ச்சி. இந்த வித்தியாசத்தை எந்த மனிதக் கண்ணும் பிடிக்காது. இதை இயந்திரத்திடம் விடுவதுதான் நியாயம்.

ஆனால் எழுத்துக்குப் பின்னால் ஒரு புகைப்படம் இருந்தால்? பின்னணி நிறம் எது என்றே சொல்ல முடியாது. அப்போது ஆக்ஸ் அதைத் தவறு என்றும் சொல்வதில்லை, சரி என்றும் சொல்வதில்லை. முடிவாகாதவை என்று தனியே ஒரு பட்டியலில் போடுகிறது. எனக்கு இந்தக் கருவியில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். வருத்தம் என்னவென்றால், பல குழுக்கள் தவறுகளின் எண்ணிக்கை பூஜ்யமா என்று மட்டும் பார்த்துவிட்டு, இந்தப் பட்டியலைத் திறப்பதே இல்லை.

இன்னொன்றும் உண்டு. ஆக்ஸ் அது ஓடும் கணத்தில் பக்கம் எப்படி இருக்கிறதோ அதைத்தான் பார்க்கும். மூடியிருக்கும் மெனுவுக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதனால் பக்கம் திறந்ததும் ஒருமுறை ஓட்டி முடித்துக்கொள்வது அரைவேலை. மெனுவைத் திறந்து ஒருமுறை, படிவத்தைத் தப்பாக நிரப்பிப் பிழைச்செய்தி வந்த பிறகு ஒருமுறை, உறுதிசெய்யச் சொல்லும் சிறு சன்னல் வந்த பிறகு ஒருமுறை என்று ஓட்ட வேண்டும். ஏற்கெனவே இருக்கும் டெஸ்ட்டுகள் அந்த இடங்களுக்கெல்லாம் போய்க்கொண்டுதானே இருக்கின்றன? கூடவே ஆக்ஸையும் அழைத்துப் போனால் போதும். ஜெஸ்ட் போன்ற டெஸ்ட் கருவிகளில் பிரவுசரைப் போலியாக நடிக்கும் ஜேஎஸ்டாமில் ஓட்டினால் நிற மாறுபாட்டைச் சோதிக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். அங்கே எதுவும் திரையில் வரையப்படுவதில்லை.

சரி, நம் பச்சைப் பெட்டி என்ன ஆனது? அந்தப் பக்கத்தில் ஆக்ஸை ஓட்டினால், அந்தப் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தையும் வராது. ஒரு டிவ்வுக்குள் எழுத்து இருப்பது குற்றமில்லை. அதைத் தட்டினால் ஜாவாஸ்கிரிப்ட் ஓடும் என்பதை ஆக்ஸ் பார்ப்பதில்லை.

அதைப் பிடிப்பது வேறொரு பழக்கம். பிளேரைட்டிலும் டெஸ்டிங் லைப்ரரியிலும் ஓர் உறுப்பை வகையையும் பெயரையும் சொல்லித் தேடலாம்: ‘பணம் செலுத்து என்ற பெயருள்ள பட்டனைக் கொடு’. இப்படிக் கேட்டால் டிவ் கிடைக்காது, டெஸ்ட் அங்கேயே விழுந்துவிடும். தனியாக அணுகல்தன்மை டெஸ்ட் என்று ஒன்றுமே எழுதவில்லை. தேடும் முறையை மாற்றியதோடு சரி. ஒரு குழு ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் இதைத்தான் செய்யச் சொல்வேன். கூடவே விசைப்பலகையால் மட்டும் ஓடும் டெஸ்ட் ஒன்றையும் எழுதலாம். டேப் அழுத்தி அந்தப் பட்டனுக்குப் போக முடிகிறதா, என்டர் வேலை செய்கிறதா, எஸ்கேப் அழுத்தியதும் சிறு சன்னல் மூடி, விசைப்பலகையின் கவனம் (அடுத்த விசை எந்த உறுப்புக்குப் போகும் என்பது) அதைத் திறந்த பட்டனுக்கே திரும்புகிறதா என்று அது பார்க்கட்டும்.

பழைய தளத்தில் முதல்முறை ஓட்டும்போது நூற்றுக்கணக்கில் தவறுகள் கொட்டும். அதைப் பார்த்துப் பயந்து டெஸ்ட்டையே அணைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அன்றைய தவறுகளை ஒரு கோப்பில் பதிந்துவிட்டு, புதிதாக ஒன்று கூடினால் மட்டும் பில்டு, அதாவது நிரலைத் தொகுத்து வெளியீட்டுக்குத் தயாராக்கும் வேலை, நிற்கும்படி செய்தால் பழையதை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டே வரலாம்.

இதெல்லாம் எவ்வளவு தூரம் போகும்? பிரிட்டிஷ் அரசின் டிஜிட்டல் பிரிவு 2017-இல் வேண்டுமென்றே 142 தடைகளை வைத்து ஒரு பக்கம் கட்டி, பல கருவிகளை அதில் ஓட்டிப் பார்த்தது. முதலிடம் பெற்ற கருவி கண்டுபிடித்தது சுமார் 40 சதவீதம்தான். டீக்யூ தன் தணிக்கைகளை வைத்துச் சொல்லும் கணக்கு 57 சதவீதம். இரண்டும் முரண் இல்லை. முன்னது தடைகளை வகை வகையாக அடுக்கிய பக்கம். பின்னது நிஜத் தளங்களில் கண்ட தவறுகளின் எண்ணிக்கை. மங்கலான எழுத்து போன்ற சில தவறுகள் திரும்பத் திரும்ப வருவதால் அந்த எண் கூடுகிறது. எப்படிப் பார்த்தாலும் பெரிய பங்கு மனிதருக்கு மிச்சம் இருக்கிறது. படத்துக்கு மாற்று உரை இருக்கிறதா என்று இயந்திரம் பார்க்கும். திருமணப் படத்துக்கு ‘படம் 1’ என்று எழுதியிருந்தால் அதற்குத் திருப்திதான்.

தமிழ்த் தளங்களில் எனக்கு அடிக்கடி மனம் நோகும் இடம் ஒன்று உண்டு. பக்கத்தின் மொழி என்ன என்று எச்.டி.எம்.எல்-லின் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும். தமிழுக்கு டி, ஏ என்ற இரண்டு எழுத்து. திரைவாசிப்பான் இதைப் பார்த்துத்தான் எந்தக் குரலில் படிப்பது என்று முடிவு செய்கிறது. டெம்ப்ளேட்டோடு வந்த ‘ஆங்கிலம்’ என்ற குறிப்பு அப்படியே கிடந்தால், ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்க முயலும். சில குரல்கள் தமிழ்ச் சொற்களை விழுங்கிவிட்டு எண்களை மட்டும் சொல்லும். ஆக்ஸுக்கு மொழிக் குறிப்பு இருக்கிறதா, செல்லுபடியாகும் குறிப்பா என்பது போதும். ஆங்கிலம் செல்லுபடியாகும் மொழிதானே.

இதை நாமே எழுதிக்கொள்ளலாம். யூனிகோடில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள். பக்கத்தின் எழுத்துகளில் பாதிக்கு மேல் அந்த எல்லைக்குள் விழுந்து, மொழிக் குறிப்பு டி, ஏ என்று தொடங்கவில்லை என்றால் டெஸ்ட் விழ வேண்டும். பத்து வரிகூட வராது. எழுதி ஓட்டிவிட்டு, என்.வி.டி.ஏ என்ற திரைவாசிப்பானை விண்டோஸில் நிறுவி உங்கள் பக்கத்தைக் கண்ணை மூடிக் கேளுங்கள். அது இலவசம்; பார்வையில்லாத ஆஸ்திரேலிய இளைஞர் ஒருவர் 2006-இல் தொடங்கியது. தமிழும் பேசும்.