மூணு தண்டவாள எஞ்சினுக்கு ரெண்டு டயோடு

அயனாவரத்தில் இருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். மொட்டை மாடி அறையில் பலகை அடித்து, அதில் இரண்டு தண்டவாள மாடல் ரயில் ஓட்டுகிறவர். ஜெர்மனியில் இருக்கும் அத்தை மகன் லீவுக்கு வந்தபோது ஜெர்மன் மாடல் ரயில் கம்பெனியான மார்க்லினின் பழைய நீராவி எஞ்சின் மாடல் ஒன்றைக் கையோடு கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். "தண்டவாளத்தில் வைத்ததுமே கன்ட்ரோலரில் சிவப்பு லைட் எரிகிறது சார். எடுத்தால் அணைகிறது. அம்மா எஞ்சினுக்கு மிளகாய் சுற்றிப் போட்டும் பார்த்துவிட்டார். எஞ்சினில் என்ன கோளாறு?"

எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை. திருஷ்டி இருந்தால் மிளகாய் நெடி வராது என்பார்கள். ஷார்ட் சர்க்யூட்டுக்கு அப்படி இல்லை, கொஞ்ச நேரம் விட்டால் அதுவே தன் நெடியைக் காட்டிவிடும்.

அவருடைய பாதையில் ஒரு தண்டவாளம் பாசிட்டிவ், இன்னொன்று நெகட்டிவ். 12 வோல்ட் டிசி. அதனால் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் மின் தொடர்பு இருக்கக் கூடாது. இடையில் பிளாஸ்டிக் புஷ் (சிறு வளையம்) போட்டிருப்பார்கள். மார்க்லினில் கதையே வேறு. இரண்டு தண்டவாளமும் ஒரே முனை. மறுமுனை நடுவில், ஸ்லீப்பர் கட்டைகள் மேல் வரிசையாகத் துருத்தி நிற்கும் உலோகப் புள்ளிகளில் இருக்கிறது. எஞ்சினின் அடிவயிற்றில் உள்ள ஒரு நீளப் பட்டை அவற்றின் மேல் சறுக்கிக்கொண்டே போய் மின்சாரம் எடுக்கும். சக்கரங்களைப் பிரித்து வைக்க வேண்டிய தேவையே இல்லை என்பதால் அச்சோடு சேர்த்து எல்லாமே உலோகம். அதைக் கொண்டுபோய் இரண்டு தண்டவாளத்தின் குறுக்கே வைத்தால் சிவப்பு லைட் எரியாமல் என்ன செய்யும்?

இந்தப் புள்ளி வரிசைதான் மூன்றாவது தண்டவாளம். நடுவில் எதற்கு அது? ரயில் ஒரு வளையம் போட்டுத் திரும்பி, வந்த பாதையிலேயே சேர்வதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தண்டவாளப் பாதையில் இடது தண்டவாளம் சுற்றி வந்து வலதோடு முட்டிக்கொள்ளும், ஷார்ட். மூன்றில் நடுவுக்கு நடுவே வந்து சேரும். ஓரங்கள் எப்படி மாறினாலும் கவலையில்லை. பிரிட்டனின் ஹார்ன்பி டப்லோ மாடல் ரயிலும் 1938-ல் மூன்று தண்டவாளத்தோடுதான் வந்தது. 1959-ல் இரண்டுக்கு மாறிவிட்டது. நடுவில் ஒரு கம்பி ஓடினால் நிஜ ரயில் மாதிரி இல்லை என்பது ரசிகர்களின் பழைய குறை.

பார்க்க இல்லைதான். ஆனால் பெரம்பூர் பிளாட்பாரத்தில் நின்று தலையைத் தூக்கிப் பாருங்கள். மேலே கம்பியில் 25,000 வோல்ட். அது எஞ்சினுக்குள் இறங்கி, சக்கரம் வழியாக இரண்டு தண்டவாளத்துக்கும் போய்த் திரும்புகிறது. சக்கரம், அச்சு எல்லாம் ஒரே எஃகு, ஒரே முனை. மின்சார ரீதியில் நம்ம ஊர் மின்சார யூனிட் வண்டி மூன்று தண்டவாள வண்டிதான்; மூன்றாவதைத் தலைக்கு மேல் தொங்க விட்டிருக்கிறார்கள். மார்க்லினைப் பொம்மை என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

சரி, மாற்றும் வேலை. சக்கர விஷயம் பொறுமையைக் கேட்கும், மூளையை அவ்வளவாகக் கேட்காது. ஒரு பக்கச் சக்கரங்களை அச்சிலிருந்து பிரித்து இன்சுலேட் செய்ய வேண்டும். ஏற்கெனவே இன்சுலேட் செய்த சக்கர ஜோடி கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் நுணுக்க வேலை தெரிந்த லேத் பட்டறையில் கொடுத்துத் துளையைப் பெரிதாக்கி நைலான் புஷ் இறக்கலாம். அந்தச் சக்கரங்களை உரசும்படி மெல்லிய வெண்கலத் தகடு ஒன்று வைத்து, சறுக்குப் பட்டையிலிருந்து வந்த ஒயரைக் கழற்றி அதில் பற்றவைக்க வேண்டும். ரப்பர் வளையம் மாட்டிய சக்கரம் மின்சாரம் எடுக்காது, அதை நம்பாதீர்கள். மல்டிமீட்டரில் இரண்டு பக்கத்தையும் தொட்டுப் பாருங்கள். 'பீப்' சத்தம் வராத வரை நல்லது.

இனி மோட்டார். எனக்குப் பிடித்த இடம்.

இரண்டு தண்டவாள எஞ்சினில் நிலைக்காந்தம் இருக்கும். பழைய மார்க்லினில் காந்தமே கிடையாது; அதன் இடத்தில் காயில். நடுவில் சுழலும் ஆர்மெச்சூரிலும் காயில். இரண்டும் தொடர் இணைப்பு. உங்கள் வீட்டு மிக்ஸியில் இருப்பதும் இதே ஜாதி மோட்டார்தான். பழைய மார்க்லின் ஓடுவது ஏசியில். ஏசி கொடுத்தால் மின்னோட்டத்தின் திசை நொடிக்கு 100 முறை மாறும். ஆனால் வெளிக் காயிலின் காந்தப்புலம் திரும்பும்போதே ஆர்மெச்சூரும் திரும்பிவிடுகிறது. இரண்டும் சேர்ந்து தலைகீழானால் விசை பழைய பக்கமே. அதனால்தான் பிளக்கை எப்படித் திருப்பிச் செருகினாலும் மிக்ஸி ஒரே பக்கம் சுற்றுகிறது.

அப்படியானால் இந்த எஞ்சின் எப்படிப் பின்னால் போகிறது? வெளியே ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் கட்டிய இரண்டு காயில்கள் இருக்கின்றன. ஒரு நேரத்தில் ஒன்றுக்குத்தான் வேலை. ஓட்டுவதற்கு 16 வோல்ட் வரை. திசை மாற்ற 24 வோல்ட் ஒரு தட்டு தட்டினால் உள்ளே இருக்கும் ரிலே 'டக்'கென்று அடுத்த காயிலுக்குத் தாவும். நம் வாசகரின் டிசி கன்ட்ரோலரில் அந்தத் தட்டு கிடையாது. பாசிட்டிவை நெகட்டிவாகத் திருப்பினால் எஞ்சின் மிக்ஸி மாதிரி அதே பக்கம்தான் போகும்.

ரிலேயைக் கழற்றுங்கள். அதன் இடத்தில் இரண்டு டயோடு; மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் சின்னப் பொருள். எலக்ட்ரானிக்ஸ் கடையில் 4007 என்று கேட்டால் சில்லறைக் காசுக்குக் கொடுப்பார்கள். ஒவ்வொரு காயிலின் தனி முனையிலும் ஒன்று, எதிரெதிராக முகம் பார்க்கும்படி. பாசிட்டிவ் வந்தால் முதல் காயில் வழியாக மட்டும் மின்சாரம் போகும். நெகட்டிவ் வந்தால் இரண்டாவது வழியாக மட்டும்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். இரண்டாவது காயில் எதிர்ப்பக்கம் கட்டியது. அதில் இப்போது ஓடும் மின்சாரமும் எதிர்ப்பக்கம். எதிருக்கு எதிர் நேர். ஆக, எந்தக் காயில் வேலை செய்தாலும் வெளிக் காந்தப்புலம் ஒரே திசையில்தான் நிற்கிறது! ஆர்மெச்சூர் மட்டும் திரும்புகிறது, எஞ்சினும் திரும்புகிறது. உள்ளே காந்தத் துண்டு ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அந்த இரண்டு காயில்களும் சேர்ந்து நிலைக்காந்தம் போல நடிக்கின்றன. நடிப்பு எவ்வளவு அச்சு அசல் என்றால், இனி இந்த எஞ்சினுக்கு யாராவது தெரியாமல் ஏசி கொடுத்தால் மற்ற டிசி எஞ்சின்களைப் போலவே நின்ற இடத்தில் நடுங்கும், சூடாகும்.

பள்ளிக்கூடத்தில் ஃபிளெமிங் விதிக்கு மூன்று விரலை விரித்துக் காட்டியதோடு சரி. வகுப்புக்கு ஒரு ஸ்மார்ட் போர்டு வாங்கக் காசு இருக்கிறது. பழைய மிக்ஸி மோட்டார் ஒன்றைப் பிரித்து மேசையில் வைக்க மட்டும் நிதி இல்லை. காயில் கட்டும் கடையில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் போதும், பாடம் உடம்பில் ஏறிவிடும்.

மறுபக்க மாற்றத்தில், அதாவது டிசி எஞ்சினை மூன்று தண்டவாளத்துக்குக் கொண்டுபோவதில், சக்கர வேலை சுலபம். இரண்டு பக்கத்தையும் ஒயரால் சேர்த்துவிட்டு, அடியில் சறுக்குப் பட்டை மாட்டினால் முடிந்தது. மோட்டார்தான் முரண்டு பிடிக்கும். ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் வைத்தால் ஓடும், ஆனால் ஒரு பக்கம் மட்டும். இரண்டு பக்கமும் வேண்டுமென்றால் டிஜிட்டல் டிகோடர் (கன்ட்ரோலரின் கட்டளையைப் படித்து மோட்டாரை ஓட்டும் சிறு சர்க்யூட்) வைப்பதுதான் இன்றைக்கு எளிய வழி.

அயனாவரத்துக்காரருக்கு ஒன்று. பிரித்துப் பார்க்கும்போது உள்ளே சர்க்யூட் போர்டு இருந்தால் நான் சொன்ன டயோடு வேலை பொருந்தாது, கை வைக்காதீர்கள். ரிலேதான் இருக்கிறதென்றால் துணிந்து இறங்கலாம். முடித்த பிறகு மற்ற எஞ்சின்கள் முன்னால் போகும்போது இது மட்டும் பின்னால் போனால் பதற வேண்டாம். இரண்டு டயோடையும் திருப்பிப் போடுங்கள். ஒன்றை மட்டும் திருப்பினால் எந்தப் பக்கமும் அசையவே அசையாது. அதற்கும் அம்மாவிடம் மிளகாய் கேட்டுப் போய் நிற்காதீர்கள்.